‘கஞ்சன்’ என்ற பெயரில் பில்லிங் மென்பொருள்: பெயரை மாற்றலாமா?

கேள்வி: ஈரோட்டில் மூன்று நண்பர்கள் சேர்ந்து, சின்னக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைக் கட்டற்ற மென்பொருளாக (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்) வெளியிட்டிருக்கிறோம். 2 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், இணையம் வேண்டாம், காசும் வேண்டாம். எதையுமே செலவழிக்காது என்பதால் விளையாட்டாக ‘கஞ்சன்’ என்று பெயர் வைத்தோம். புரோகிராமர்கள் ரசித்தார்கள், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பாராட்டு ஸ்டார் குவிந்தது. கடைகளில்தான் எடுபடவில்லை. ஒரு ஜவுளிக் கடைக்காரர் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. ஆனா பில்லுல இந்தப் பேரு வருதுங்களே” என்று எடுத்துவிட்டார். எங்களில் ஒருவர், “மென்பொருள் நன்றாக இருந்தால் பெயர் ஒரு விஷயமே இல்லை. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளுக்கு இல்லாத கெட்ட பெயரா? அவர்கள் மாற்றினார்களா?” என்கிறார். இன்னொருவர், ஸ்டைலாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துவிடலாம் என்கிறார். பெயருக்கு உண்மையிலேயே அவ்வளவு பலம் உண்டா? மாற்றினால் இதுவரை சேர்த்த பேர் போய்விடாதா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றுங்கள். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, பில்லின் அடியில் அச்சாகும் உங்கள் மென்பொருளின் பெயரை இந்த வாரமே எடுப்பது.

உங்கள் மென்பொருளை இறக்கி ஒரு மாதிரி பில் அடித்துப் பார்த்தேன். மேலே கடை பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண். நடுவில் சரக்கு, அளவு, விலை, வரி. கீழே ‘நன்றி, மீண்டும் வருக’. அதற்கும் கீழே ஒரு நட்சத்திரக் கோடு போட்டு, ‘இந்த பில் கஞ்சன் மூலம் தயாரிக்கப்பட்டது’. மூன்று அங்குலத் தாளில் கடை பெயருக்கு அடுத்தபடியாகத் தடித்த எழுத்தில் இருப்பது அந்த வரிதான். தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குறைக்கக் கேட்டு, “கட்டுப்படி ஆகாதுங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெளியே வரும் குடும்பத்தின் கையில் அந்தத் தாள் இருக்கிறது. “அதான் பில்லுலயே போட்டிருக்காங்களே” என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். பார்க்கிங்வரை சிரித்துக்கொண்டே போவார்கள். கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன?

அவர் உங்கள் மென்பொருளைக் குறை சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகும் தாளில் தன் பெயருக்குக் கீழே அந்தச் சொல் நிற்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜிஎஸ்டி விதிகளில் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. எந்த மென்பொருளில் அடித்தது என்பது அதில் இல்லை. ஆகவே அந்த வரியை எடுத்துவிடுங்கள். விளம்பரமாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டால் செட்டிங்கில் ஒரு டிக் வைத்து, விரும்புகிறவர் போட்டுக்கொள்ளட்டும். முதலில் அது அணைந்தே இருக்க வேண்டும்.

இனி, பெயருக்கு எவ்வளவு பலம் என்ற கேள்வி.

உங்கள் நண்பர் கிம்ப்பை இழுத்தது நல்லதாகப் போயிற்று. இந்த விவாதத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய படத் திருத்த மென்பொருள் அது. ஒரு நீளப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தச் சொல் வருகிறது. ஆங்கிலத்தில் அது கால் ஊனமுற்றவரை இழிவாகக் குறிக்கும் சொல். நம் ஊரில் ‘நொண்டி’ என்று மென்பொருளுக்குப் பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு மாணவர்களுக்கு அது விளையாட்டு. ஆனால் ஒரு பள்ளி ஆசிரியை, “உங்கள் பிள்ளையின் கம்ப்யூட்டரில் இதை நிறுவிக்கொள்ளுங்கள்” என்று பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் அவருக்கு அது விளையாட்டு இல்லை. மாற்றச் சொல்லிப் பல வருடங்களாகக் கோரிக்கைகள் வந்தன. கிம்ப் குழு மறுத்துவிட்டது. இத்தனை காலமாகப் பழகிய பெயர், மாற்றும் எண்ணம் இல்லை, பிடிக்காதவர்கள் முழுநீளப் பெயரைச் சொல்லலாம் அல்லது வேறு பெயரில் தாங்களே வெளியிட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் பதில்.

2019இல் சிலர் அதையே செய்தார்கள். கிம்ப்பின் நிரலை எடுத்து, பெயரை ‘கிளிம்ப்ஸ்’ என்று மாற்றித் தனித் திட்டமாக ஆரம்பித்தார்கள். பெயர்தான் தடை என்பது உண்மையானால் இது பிய்த்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். 2021இல் நின்றுபோனது. பெயர் நன்றாகத்தான் இருந்தது. வேலை பார்க்கத்தான் ஆள் போதவில்லை. நிரல் எழுதத் தெரிந்த பழைய ஆட்கள் எல்லோரும் பழைய பெயரோடேயே இருந்துவிட்டார்கள்.

இதில் உங்கள் நண்பர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு வெளிநாட்டு உதாரணமே வேண்டாம். ‘கிம்ப்’ என்ற ஒலி தமிழ்க் காதில் எந்தக் கெட்ட அர்த்தத்தையும் தராது. அந்தப் பெயரால் முகம் சுளிப்பவர் இங்கே யாரும் இல்லை. அப்படியானால் நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கல்யாணப் பத்திரிகை அச்சகங்களிலும் கிம்ப் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டுமே? எங்கே போனாலும் ஃபோட்டோஷாப்பும் கோரல்ட்ராவும்தான். காரணம் பெயர் இல்லை. அச்சுக்கு வேண்டிய நான்கு வண்ண முறை கிம்ப்பில் ஒழுங்காக அமையவில்லை. ஒரு படத்தின் நிறத்தையோ வெளிச்சத்தையோ, அடியில் உள்ள மூலப் படம் கெடாமல் மாற்றி, பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துவிடும் வசதி ஃபோட்டோஷாப்பில் 1996லேயே வந்துவிட்டது. கிம்ப்பில் அப்படி ஒரு வசதி முறையாக வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில், 3.0 பதிப்பில். இந்த இடைவெளியை எந்தப் பெயராலும் நிரப்ப முடியாது.

ஆக, கடைக்காரர்கள் வராததற்குப் பெயர் ஒன்றுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெயரைக் குறை சொல்வது எளிது. கேட்பவர் மனமும் புண்படாது. பார்கோடு ஸ்கேனர் நாலு தடவை வைத்தால் ஒரு தடவைதான் படிக்கிறது என்பதை நேரில் சொல்லச் சங்கடப்பட்டவர்கூட, “பேரு சரியில்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இப்போது மற்ற பக்கம். கிம்ப்பை எழுதிய அதே இரண்டு பேர், கிம்பாலும் மாட்டிஸும், 2015இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு டேட்டாபேஸ் நிறுவனம் தொடங்கினார்கள். மென்பொருளின் பெயர் காக்ரோச்டிபி. கரப்பான்பூச்சி! எதைக் கொண்டு அடித்தாலும் சாகாது என்பது பொருள். சர்வர் ஒன்றிரண்டு விழுந்தாலும் தரவு பிழைத்திருக்கும் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஏதோ ஜென்ம தோஷம் இருக்கிறது என்று நினைப்பேன். ஆனால் அது பெரிய நிறுவனமாக வளர்ந்துவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகள் வாங்கிப் பயன்படுத்துகின்றன. ஏன் இங்கே பெயர் தடுக்கவில்லை? அதை வாங்க முடிவெடுப்பவர் பொறியாளர். அவருக்கு நகைச்சுவை புரிகிறது. அவருடைய வாடிக்கையாளர் கண்ணில் அந்தப் பெயர் ஒருநாளும் படப்போவதில்லை. உள்ளே எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது என்று யார் பார்க்கிறார்கள்? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் தன் மென்பொருளுக்கு ‘கிட்’ என்று வைத்தாரே, பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் அது ஒரு வசவுதான். புரோகிராமர்களைத் தாண்டி யாரும் சொல்லத் தேவையில்லாத பெயர் என்பதால் அது உலகம் முழுக்க ஓடுகிறது.

பெயரை யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் விஷயம் தெளிவாகிவிடும். புரோகிராமர் இன்னொரு புரோகிராமரிடம் ‘கஞ்சன்’ என்று சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். சிரித்ததாலேயே ஒருவர் இறக்கிப் பார்ப்பார். கடைக்காரர் தன் ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும். “நான் இப்ப கஞ்சன்லதான் கணக்கு வெச்சிருக்கேன்.” மச்சானிடம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். சின்னக் கடைகளுக்கான மென்பொருள் பரவுவதே இப்படித்தான், ஒரு கடை சொல்லி அடுத்த கடை. அந்த இடத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர் சொல்லமாட்டார். தானே பயன்படுத்துவதை நிறுத்தமாட்டார், சண்டைக்கு வரமாட்டார், வாய் திறக்கமாட்டார், அவ்வளவுதான். உங்களுக்கு அது எந்தக் கணக்கிலும் தெரியவராது.

இந்தச் சங்கடம் படித்தவர்களுக்கு மட்டும் இல்லையா என்ன? பிரான்ஸில் உருவான ‘காக்’ என்ற மென்பொருள் கணித நிரூபணங்களைச் சரிபார்ப்பது, பல்கலைக்கழகங்களில்தான் புழக்கம். பிரெஞ்சில் சேவல் என்று அர்த்தம். ஆங்கிலக் காதில் ஆபாசம். அதை வைத்து ஆராய்ச்சி செய்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், “எதில் வேலை செய்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு இளிப்பைச் சகித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1980களிலிருந்து வளர்ந்த திட்டம் அது. அத்தனை வயதான பிறகும் 2023இல் பெயரை மாற்ற முடிவுசெய்து, 2025இல் 9.0 பதிப்போடு ‘ராக்’ ஆக்கினார்கள். அந்தத் திட்டம் பிறந்த ஆய்வுக்கூடம் இருந்த ராக்கான்கூர் என்ற ஊரின் பெயரிலிருந்து எடுத்தது. கிம்ப் குழு மறுத்ததை இவர்கள் செய்தார்கள். எனக்கு இவர்கள் செய்ததுதான் சரி என்று படுகிறது. உங்கள் நண்பருக்கு இதையும் சொல்லுங்கள்.

உங்களுடைய விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் பெயர் வைத்திருப்பது கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கப்போகும் ஒரு பொருளுக்கு. நம் வியாபாரிகள் வார்த்தை பார்ப்பவர்கள். புதுக் கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி இல்லாமல் பேனா வைக்கமாட்டார்கள். களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்; ‘லாபம்’ என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார், அப்புறம்தான் ரெண்டு, மூணு. அந்த வழக்கம் இன்னும் சில மண்டிகளில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டால் திரை முழுக்க ‘கஞ்சன்’ என்று வருகிறது. பகுத்தறிவு பேசி இதை ஜெயிக்க முடியாது, ஜெயிக்கத் தேவையும் இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு பெயர் உண்டு என்றால் அது டேலி என்ற கணக்கு மென்பொருள். 1986இல் பெங்களூருவில் ஒரு அப்பாவும் மகனும் ஆரம்பித்த கம்பெனி. அப்போது கம்பெனிக்குப் பெயர் பியூட்ரானிக்ஸ். 1999இல் கம்பெனியே தன் பெயரை டேலி சொல்யூஷன்ஸ் என்று மாற்றிக்கொண்டது. சரக்கின் பெயர் கம்பெனிப் பெயரை விழுங்கிவிட்டது. கணக்குப் பார்க்கிற ஒவ்வொருவர் மனதிலும் ராத்திரி கடை அடைக்கும்போது இருக்கிற ஒரே கவலை வரவும் செலவும் நேராகிறதா என்பதுதான். அந்தக் கவலை தீர்ந்த நிலைக்கே அவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். “டேலி ஆயிடுச்சா?” என்பது இன்றைக்கு மென்பொருளைப் பற்றிய பேச்சா, கணக்கைப் பற்றிய பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ‘டேலி தெரிந்த ஆள் தேவை’ என்று கடை வாசலில் அட்டை தொங்குகிறது. ஆனால் இதிலும் ஏமாந்துவிடாதீர்கள். டேலி ஜெயித்தது, கணக்குப்பிள்ளைகள் பழகிய முறையை மாற்றாமல் அப்படியே கீபோர்டில் செய்யவைத்ததால். பெயர் அதற்கு மேலே வைத்த பொட்டு.

ஸ்டைலான ஆங்கிலப் பெயர் என்கிற உங்கள் இன்னொரு நண்பரின் யோசனைக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ‘ஃபை’ என்று முடிகிற பெயர்களும் ‘ஸ்மார்ட்’ என்று தொடங்குகிற பெயர்களும் ஆயிரம் கிடக்கின்றன; தேடினால் முப்பதாவது இடத்தில் வருவீர்கள். அதோடு, உங்கள் மென்பொருளின் பெருமையே தமிழில் பில் அடிப்பது. இ-கலப்பை, அழகி, செல்லினம், முரசு அஞ்சல் என்று தமிழ் மென்பொருள்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர் நிலைத்த வரலாறு இருக்கும்போது கூச்சப்பட என்ன இருக்கிறது?

தமிழ்ப் பெயர் வைத்தால் மற்ற மாநிலங்களில் எடுபடுமா என்ற பயம் இருந்தால் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலியைப் பாருங்கள். ஜோஹோ அதை வெளியிட்டது 2021இல். நாலு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சிலர் உள்நாட்டுச் செயலி என்று பேசப்போக, ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆனது என்று ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். வடக்கே பலர் பெயர் வாயில் நுழையவில்லை என்றார்கள், மாற்றச் சொன்னார்கள், கிண்டலும் நடந்தது. சொல்லிக்கொண்டேதான் இறக்கினார்கள். அந்தச் சமயத்தில் அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் (பேசும் இருவரைத் தவிர யாருக்கும் புரியாதபடி பூட்டுவது) எழுத்துச் செய்திகளுக்கு இல்லை என்பதுதான் விவரம் தெரிந்தவர்களைத் தயங்கவைத்தது. வாயில் நுழையாத பெயர் ஒரு வாரத்தில் பழகிவிடும். கேட்டவுடன் முகம் சுளிக்கவைக்கும் பெயர் பழகாது. உங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்தது, சேர்த்த பேர் போய்விடுமே என்ற கவலை. நியாயமானதுதான். எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இணைய உலாவியான ஃபயர்பாக்ஸ் 2002இல் வெளிவந்தபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். வேறொரு கம்பெனியின் வணிகக்குறி என்று பிரச்சினை வர, 2003இல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் திட்டம் இருந்தது, அவர்கள் கோபப்பட்டார்கள். 2004 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ். இத்தனையும் 0.8 பதிப்புக்குள் நடந்து முடிந்துவிட்டது. 2004 நவம்பரில் 1.0 வந்து ஊரெல்லாம் பேசியபோது பொதுமக்களுக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான். உங்களுடையது இப்போது 0.6 பதிப்பு.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், கடிதம், கணக்குத் தாள் எல்லாம் தயாரிக்கும் இலவச அலுவலக மென்பொருளான ஓபன்ஆஃபிஸ். 2010இல் அதன் முக்கியமான புரோகிராமர்கள் பலர் பிரிந்துபோய் லிப்ரே ஆஃபிஸ் தொடங்கினார்கள். பழைய பெயர் அவர்களோடு போக முடியவில்லை. அது ஆரக்கிள் நிறுவனத்தின் கையில் இருந்து, பிறகு அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. வேலையெல்லாம் லிப்ரே ஆஃபிஸில்தான் நடந்தது. ஓபன்ஆஃபிஸின் 4.1 பதிப்பு வந்தது 2014இல். அதன் பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். ஆனாலும் மக்கள் பழைய பெயரைத் தேடித் தேடி அதையே இறக்கிக்கொண்டிருந்தார்கள். 2020இல் லிப்ரே ஆஃபிஸ் தரப்பு, எங்களைப் பற்றி உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்களேன் என்று பகிரங்கக் கடிதமே எழுதியது. பத்து வருடம் வேலை செய்தும் பழைய பெயரின் நிழலிலிருந்து முழுசாக வெளியே வர முடியவில்லை. பெயர் ஆளைக் கூட்டிவரும் என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் மனதில் ஊன்றிவிட்ட பெயரை யாராலும் லேசில் பிடுங்க முடியாது, அதை நம்புகிறேன்.

‘கஞ்சன்’ என்ற பெயரை அடியோடு புதைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கிட்ஹப்பில் உங்களுக்கு உதவும் புரோகிராமர்கள் அந்தப் பெயரின்மேல் பிரியமாக இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பில்லிங் எஞ்சினுக்கு அந்தப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். ஆண்ட்ராய்டுக்கு வருடாவருடம் ஒரு இனிப்பின் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்களே, 2019இல் வெளியுலகத்துக்கு அதை நிறுத்தி வெறும் எண்ணாக்கிவிட்டார்கள். எல்லா ஊரிலும் அந்த இனிப்புகள் புரிவதில்லை, சில மொழிக்காரர்களுக்குச் சில எழுத்துகள் ஒலியில் வேறுபடுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். உள்ளே பொறியாளர்கள் இன்றும் இனிப்புப் பெயர்தான் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடையில் ஏற்கெனவே புழங்கும் சொல்லிலிருந்து எடுங்கள். சிட்டை, பேரேடு, வரவு, கல்லா. ‘பேரேடு’ பெரியவர்களுக்குப் புரியும். இருபத்தைந்து வயதுப் பையன் கல்லாவில் இருந்தால் புரியுமா என்பது சந்தேகம். ‘கல்லா’ எனக்குப் பிடித்திருக்கிறது. இந்திக்காரர்களும் பணப்பெட்டியை ‘கல்லா’ என்றுதான் சொல்கிறார்கள், நாளைக்கு வடக்கே போனாலும் விளக்கம் வேண்டாம். ஆனால் ‘கல்லா கட்டுகிறான்’ என்ற பேச்சுக்கு ஒரு மாதிரியான தொனியும் உண்டு. அதைக் கடைக்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். கேட்கும்போது “இந்தப் பேரு பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். போனில் ஒருவருக்குப் பெயரைச் சொல்லி, அவரையே தேடி இறக்கச் சொல்லுங்கள். எப்படி டைப் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். ‘ழ’ உள்ள பெயர் என்றால் ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், மூன்றாமவர் வேறு எங்கோ போய்ச் சேருவார்.

பிடித்த பெயர் கிடைத்ததும் முதலில் வணிகக்குறி அலுவலகத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம்தான். மென்பொருளுக்கு 9ஆம் வகுப்பு. இணையம் வழியாகச் சேவையாகவும் தரப்போகிறீர்கள் என்றால் 42ஐயும் பாருங்கள். ‘பில்லிங்’, ‘கணக்கு’ என்று சரக்கையே வெறுமனே விவரிக்கிற சொல் பதிவாவது கஷ்டம். தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

யார் பெயரில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே பேசி எழுதிவைத்துவிடுங்கள். நண்பர்களுக்குள் என்ன எழுத்து என்று விட்டுவிடாதீர்கள். நெட்வொர்க் வேலை செய்பவர்களுக்கெல்லாம் தெரிந்த வயர்ஷார்க் என்ற மென்பொருள், 1998இல் ஈத்தீரியல் என்ற பெயரில் வந்தது. அதை எழுதிய ஜெரால்டு கோம்ஸ் 2006இல் வேலை மாறினார். பெயரின் வணிகக்குறி பழைய நிறுவனத்திடம் இருந்தது. நிரல் அவருடையது, கட்டற்றது, யாரும் எடுத்துப் போகலாம். பெயரை மட்டும் எடுத்துப் போக முடியவில்லை. நல்லவேளை, கூட வேலை பார்த்தவர்கள் மொத்தமாக அவரோடு வந்துவிட்டார்கள், புதிய பெயர் பழையதைவிட நன்றாகவே நிலைத்தது. உங்கள் மூவரில் ஒருவர் நாளை பெங்களூருவில் வேலைக்குப் போனால் இந்த நிலை வரக் கூடாது. மூவர் பெயரிலும் கூட்டாக விண்ணப்பிக்க முடியும்.

மாற்றும்போது ஏற்கெனவே பயன்படுத்துபவர்களைத் தடுமாறவிடாதீர்கள். தரவு இருக்கும் ஃபோல்டரின் பெயரையும் பேக்கப் ஃபைல்களின் பெயரையும் தொடாதீர்கள். உள்ளே ‘கஞ்சன்’ என்றே இருக்கட்டும், கடைக்காரர் அங்கே எட்டிப் பார்க்கமாட்டார். டெஸ்க்டாப்பில் ஐகான் படம் அதேதான் இருக்க வேண்டும். பெயரைப் படித்து மென்பொருளைத் திறப்பவர்கள் குறைவு. வீடியோ பார்க்கும் விஎல்சியைத் திறப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்றெழுத்தின் விரிவு தெரியும்? ஆரஞ்சு நிறக் கூம்பைத்தான் தேடுகிறார்கள். பெயரையும் ஐகானையும் ஒரே நாளில் மாற்றினால், மறுநாள் காலை உங்களுக்கு வருகிற முதல் போன் “கம்ப்யூட்டர்ல இருந்த பில் சாஃப்ட்வேரைக் காணோம்” என்பதாகத்தான் இருக்கும். ஒரு வருடத்துக்காவது முதல் திரையில் புதிய பெயருக்குக் கீழே சின்னதாகப் பழைய பெயர் நிற்கட்டும்.

கடைசியாக நேரம். கடைகளில் பில் எண் வரிசை ஏப்ரல் 1ஆம் தேதி புதிதாகத் தொடங்குகிறது. மென்பொருள் மாற்ற நினைப்பவர்கள் அன்றைக்குத்தான் மாற்றுவார்கள், வருட நடுவில் யாரும் தொடமாட்டார்கள். தீபாவளி, பொங்கல் நெரிசலில் அவர்களிடம் எதையும் காட்டப் போகாதீர்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் புதிய பெயரில் பதிப்பை வெளியிட்டுவிட்டால், மார்ச்சில் ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைக்கும். அதற்குள் அந்தப் பார்கோடு ஸ்கேனரையும் சரிபார்த்துவிடுங்கள். என்னிடம் உண்மையாகவே நாலில் ஒரு தடவைதான் படித்தது.